இரண்டாம் முறை அழுத்துவதற்கு முன்

ஜூன் மாதம், மாங்காய் சீசன் உச்சத்தில் இருந்த நேரம். இரவு பதினொன்றே முக்காலுக்கு போன் அடித்தது. காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் பில் போடும் பெண்.

"ணா, பில் வரமாட்டேங்குது. மூணு தடவை அழுத்திட்டேன். வண்டி கேட்லயே நிக்குது, டிரைவர் கத்துறாரு."

"நாலாவது தடவை அழுத்தாதம்மா. நான் பாக்கறேன்."

சென்னைத் துறைமுகத்துக்குப் போக வேண்டிய லோடு அது. ஒவ்வொன்றும் 215 கிலோ பிடிக்கும் டிரம்களில் பெங்களூரா மாங்கூழ். காலையில் அங்கே இறங்கியாக வேண்டும். நான் வீட்டிலிருந்தபடி, ஜிஎஸ்டி பில்களைப் பதியும் அரசு போர்ட்டலைத் திறந்து பார்த்தேன். அந்த ஒரே லோடுக்கு மூன்று பில்கள் பதிவாகி இருந்தன. மூன்றுமே முறையானவை, மூன்றுக்கும் ஐஆர்என் எண் (பதிவான பில்லின் தனி அடையாள எண்) இருந்தது. ஆலைக் கம்ப்யூட்டரில் மட்டும் மூன்று முறையும் சிவப்பு எழுத்தில் 'தோல்வி'.

நடந்தது இதுதான். முதல் முறை அழுத்தியபோதே விவரம் போர்ட்டலுக்குப் போய்ச் சேர்ந்து, பில் பதிவாகி, பதிலும் கிளம்பிவிட்டது. இணையம் மந்தமாக இருந்ததால் அந்தப் பதில் வந்து சேரத் தாமதமானது. ஆலை மென்பொருள் முப்பது விநாடி காத்திருந்துவிட்டு, பதில் வரவில்லை என்பதைத் தோல்வி என்று எழுதிக்கொண்டது. இந்த இரண்டும் ஒன்றல்ல. 'பதில் வரவில்லை' என்றால் வேலை நடந்திருக்கலாம், நடக்காமலும் போயிருக்கலாம், தெரியாது என்றுதான் அர்த்தம். அந்தத் 'தெரியாது' என்பதைத் 'தோல்வி' என்று மொழிபெயர்த்ததில் ஆரம்பித்தது சிக்கல்.

இதைவிடப் பெரிய தவறு இன்னொன்று இருந்தது. ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் மென்பொருள் புதிதாக ஒரு பில் எண் போட்டுக்கொண்டது. ஐஆர்என் எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் இது ஏன் ஆபத்து என்பது புரியும். விற்பவரின் ஜிஎஸ்டி எண், நிதியாண்டு, ஆவண வகை, ஆவண எண் ஆகிய நான்கையும் சேர்த்து ஷா-256 என்ற கணக்கில் போட்டால் 64 குறிகள் கொண்ட ஒரு கோவை வரும். அதுதான் ஐஆர்என். அந்த நான்கும் மாறாதவரை நூறு தடவை கணக்குப் போட்டாலும் அதே கோவைதான். எனவே ஒரே பில் எண்ணை இரண்டாம் முறை அனுப்பினால் போர்ட்டல் 2150 என்ற எண்ணோடு 'இது ஏற்கனவே இருக்கிறது' என்று திருப்பி அனுப்பும். பலரும் 2150-ஐப் பார்த்ததும் பதறுகிறார்கள். உண்மையில் அது நல்ல செய்தி, முதல் முறையே வேலை முடிந்துவிட்டது என்று அர்த்தம். அந்தப் பில்லின் விவரத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டால் போதும். பில் எண்ணை மாற்றி அனுப்பினாலோ அந்தக் காவல் உடைந்துவிடும். போர்ட்டலைப் பொறுத்தவரை அது வேறொரு விற்பனை.

அன்று இரவே இரண்டு பில்களை ரத்து செய்தோம். ஐஆர்என்னை 24 மணி நேரத்துக்குள்தான் ரத்து செய்ய முடியும். அதன் மேல் இ-வே பில் (சரக்கு வண்டியோடு போகும் சீட்டு) போட்டிருந்தால் முதலில் அதை ரத்து செய்ய வேண்டும். ரத்தான பில் எண்ணை மறுபடி பயன்படுத்தவும் முடியாது. இரண்டு நாள் கழித்துக் கண்டுபிடித்திருந்தால் கிரெடிட் நோட், ரிட்டர்னில் விளக்கம் என்று வேலை நீண்டிருக்கும்.

இந்தக் கதையை முதலில் சொன்னதற்குக் காரணம் உண்டு. தானாக ஓடும் மென்பொருள் எங்கே நின்றாலும் நம் கை முதலில் போவது மறுபடி அழுத்தும் பட்டனுக்குத்தான். முதல் அழுத்தலில் வேலை எதுவரை போனது என்று பார்ப்பதற்கு முன் இரண்டாம் முறை அழுத்தக் கூடாது. மென்பொருள் கோளாறைத் தேடும் இந்த வேலையை நான் யாருக்குக் கற்றுக்கொடுத்தாலும் முதல் நாள் சொல்வது இதைத்தான்.

இந்தத் தொல்லை பெரிய கம்பெனிகளோடு நின்றுவிடவில்லை. 2020 அக்டோபரில் 500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு வந்த மின்-விலைப்பட்டியல் விதி (பில்லை இப்படிப் போர்ட்டலில் பதிய வேண்டும் என்பது) படிப்படியாக இறங்கி, 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடியைத் தாண்டியவர்களுக்கும் வந்துவிட்டது. ஓசூர் சிப்காட்டுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் லேத் பட்டறைகள், பர்கூர் பக்கத்துக் கிரானைட்காரர்கள், மாங்கூழ் ஆலைகள் என்று பலரும் இதற்குள் வந்துவிட்டார்கள். இவர்களிடம் தனியாக ஐடி துறை கிடையாது. பில் போடுகிறவரேதான் மென்பொருளையும் பார்த்துக்கொள்கிறார்.

ஒரு ஆலையில் மாங்காய் வரும் வழியைப் பாருங்கள். கேட்டில் டோக்கன். எடைமேடையில் லோடோடு ஒரு எடை, இறக்கியபின் காலி வண்டிக்கு ஒரு எடை. வித்தியாசம் கொள்முதல் பதிவில் ஏறும். கழிவு போக மீதியை அன்றைய விலையால் பெருக்கிக் கணக்கு மென்பொருளுக்கு அனுப்பும். வங்கிக்குப் பணம் அனுப்பும் ஃபைல் தயாராகும். கடைசியில் விவசாயியின் போனுக்கு எஸ்எம்எஸ். முன்பு ஏழெட்டுப் பேர் கைமாற்றிச் செய்த வேலை இது. ஒருவர் கொடுத்த சீட்டு அடுத்தவருக்குப் புரியாவிட்டால் எழுந்துபோய்க் கேட்பார். இப்போது அந்தக் கைமாற்றத்தை மென்பொருள்கள் செய்கின்றன. அவை எழுந்துபோய்க் கேட்பதில்லை. தன் பங்கை அடுத்ததிடம் தள்ளிவிட்டதும் 'வெற்றி' என்று பச்சை விளக்குப் போட்டுவிடும்.

அந்தப் பச்சை விளக்கு எதைச் சொல்கிறது என்று கவனிக்க வேண்டும். 'விவசாயிக்குச் செய்தி அனுப்பப்பட்டது' என்று திரையில் வந்தால், எஸ்எம்எஸ் சேவைக்காரர் அதை வாங்கிக்கொண்டார் என்பது வரைதான் அதற்குத் தெரியும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 விதிமுறைப்படி வணிகச் செய்திகளின் வாசகத்தை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். அனுப்பும் செய்தி பதிவு செய்த வாசகத்தோடு பொருந்தாவிட்டால் தொலைபேசி நிறுவனம் வழியிலேயே நிறுத்திவிடும். அழகாக இருக்கட்டும் என்று யாரோ 'ரூ.' என்பதை 'ரூபாய்' என்று மாற்றினால் போதும், ஒரு செய்தியும் போய்ச் சேராது. ஆலைத் திரையிலோ எல்லாம் பச்சை.

அதனால் கோளாறைத் தேடும்போது நான் திரையிலிருந்து தொடங்குவதில்லை, கடைமடையிலிருந்து தொடங்குகிறேன். கிருஷ்ணகிரி அணையிலிருந்து கால்வாயில் தண்ணீர் விட்டும் கடைசி வயலுக்கு வரவில்லை என்றால் என்ன செய்வோம்? வயலில் நின்று வரப்போடு மேலே நடப்போம். எந்த மடையில் தண்ணீர் இருக்கிறது, எந்த மடைக்குக் கீழே இல்லை என்று பார்ப்போம். அந்த இரண்டுக்கும் நடுவில்தான் அடைப்பு. மென்பொருளிலும் அதே நடைதான். ஒரே ஒரு சீட்டைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். நூறு சீட்டை ஒன்றாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. 'இந்த விவசாயி, இந்த டோக்கன், இந்த வண்டி' என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டு, வங்கி ஃபைலில் இருக்கிறதா, கணக்கில் இருக்கிறதா, கொள்முதலில் இருக்கிறதா, எடைமேடைப் பதிவில் இருக்கிறதா என்று மேலே போக வேண்டும்.

இதற்கு ஒரு ஏற்பாடு முன்கூட்டியே இருக்க வேண்டும். கேட்டில் போட்ட டோக்கன் எண் கடைசி எஸ்எம்எஸ் வரை எல்லாப் பதிவிலும் கூடவே வர வேண்டும். பல மென்பொருள்களில் எடைமேடைக்கு ஒரு எண், கொள்முதலுக்கு ஒரு எண், வவுச்சருக்கு ஒரு எண், ஒன்றுக்கொன்று தொடர்பே இருக்காது. அப்புறம் நேரத்தையும் எடையையும் வைத்து ஊகிக்க வேண்டியதுதான். மென்பொருள் வாங்கும்போது விலைக்கு அடுத்து கேட்க வேண்டிய முதல் கேள்வி இது.

ஒரு சீட்டைப் பிடித்துக்கொண்டு நடந்ததில் கண்டுபிடித்த ஒன்றைச் சொல்கிறேன். வேறொரு இடத்தில், தர்மபுரி மாவட்ட விவசாயிகளின் பதிவெல்லாம் ஒழுங்காக மேலே போய்க்கொண்டிருந்தது. கிருஷ்ணகிரி மாவட்டத்தாரின் பதிவு மட்டும் போகவில்லை. மென்பொருள் தயாரித்தவர்கள் இணையத்தைக் குறை சொன்னார்கள், இணையக்காரர் சர்வரைக் குறை சொன்னார். நான் ஒரு சீட்டை அச்சடித்துப் பார்த்தேன். மாவட்டம் என்ற இடத்தில் 'கிருஷ்ணகிர' என்று இருந்தது. கடைசி 'ி' குறி இல்லை.

அந்தக் கட்டத்துக்கு 30 பைட் (கணினி இடத்தை அளக்கும் அலகு) ஒதுக்கி இருந்தார்கள். ஆங்கிலத்தில் எழுதினால் ஓர் எழுத்துக்கு ஒரு பைட், 30 தாராளம். கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் எடுக்கும். 'கி' என்பது நமக்கு ஓர் எழுத்து, கணினிக்கு 'க' ஒன்று, 'ி' ஒன்று என இரண்டு குறி. 'தர்மபுரி'யை எண்ணினால் எட்டுக் குறி, 24 பைட், அடங்கிவிட்டது. 'கிருஷ்ணகிரி' பதினொரு குறி, 33 பைட். பத்தாவது குறியோடு இடம் தீர்ந்து கடைசி 'ி' கழன்றுவிட்டது. அடுத்த மென்பொருள் தன்னிடமிருந்த மாவட்டப் பட்டியலில் 'கிருஷ்ணகிர'வைத் தேடி, கிடைக்காமல் பதிவை ஓரமாகத் தள்ளி வைத்தது. யாருக்கும் சொல்லவில்லை. எழுத்து வெட்டுப்பட்ட இடத்திலேயே அது கத்தியிருந்தால் ஒரு மணி நேர வேலை. அது மௌனமாக வெட்டி அனுப்பியதால் நான்கு நாள் போனது. தமிழில் பெயர் வைத்துக்கொள்ளும் எந்த மென்பொருளையும் சோதிக்கும்போது, ஊரிலேயே நீளமான பெயரைப் போட்டுச் சோதியுங்கள் என்று இப்போதெல்லாம் சொல்கிறேன்.

மௌனமாக வெட்டுவது சின்ன ஊரின் சின்ன மென்பொருளுக்கு மட்டும் நேர்வதில்லை. 2020-ல் கொரோனா நேரத்தில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு, ஆய்வகங்களிலிருந்து வந்த முடிவுகளைப் பழைய வகை எக்செல் ஃபைலில் ஏற்றிக்கொண்டிருந்தது. அந்த வகை ஃபைலில் 65,536 வரிக்கு மேல் ஏறாது. மிஞ்சிய வரிகள் சத்தமில்லாமல் விழுந்தன. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 தொற்றுகள் தினசரிக் கணக்கில் வராமல் போயின. தொற்று உறுதியானவர்களுக்கு அவரவர் முடிவு தெரிந்திருந்தது. அவர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலைதான் தாமதமானது. தொற்று பரவிக்கொண்டிருந்த நாட்களில் அது சாதாரண நஷ்டம் அல்ல. அந்த ஒரு வாரத்தில் எந்தத் திரையும் சிவப்பாக மாறவில்லை.

சரி, அடைப்பு எந்த மடையில் என்று தெரிந்துவிட்டது. அடுத்துக் கேட்க வேண்டியது, நேற்று வரை ஓடியது இன்று ஏன் ஓடவில்லை, நடுவில் என்ன மாறியது என்பது. 'ஒண்ணுமே மாத்தலைங்க' என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். பொய் சொல்வதில்லை. அவர்கள் கையால் எதையும் மாற்றி இருக்கமாட்டார்கள். ஆனால் பாஸ்வேர்டின் காலம் முடிந்திருக்கும், வங்கி தன் ஃபைல் அமைப்பில் ஒரு நெடுவரிசையைக் கூட்டி இருக்கும், அரசு விதி மாறி இருக்கும். 2025 ஜனவரி 1 முதல், 180 நாளுக்கு மேல் பழைய ஆவணத்துக்கு இ-வே பில் போட முடியாது. அது தெரியாதவருக்கு ஒரு நாள் காலையில் மென்பொருள் திடீரென்று கெட்டுப்போனது போலத்தான் இருக்கும். ஒரு நெடுவரிசை கூடுவதால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு 2024 ஜூலை 19-ஐ நினைவுபடுத்துவேன். கணினிப் பாதுகாப்பு நிறுவனமான கிரவுட்ஸ்டிரைக் அனுப்பிய ஒரு அப்டேட்டில், ஓரிடத்தில் 21 உள்ளீடு எதிர்பார்க்கப்பட்டது, வந்தது 20. சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையோடு நின்றன.

மாறியது என்ன என்று தேடும்போது யாரும் சந்தேகப்படாத ஒன்று கடிகாரம். ஒரு எடைமேடை அறை. பழைய கம்ப்யூட்டர், சீசனில் அடிக்கடி மின்தடை, யூபிஎஸ் பெயருக்கு இருந்தது. ஒரு நாள் காலையில் மின்சாரம் வந்து கம்ப்யூட்டரைப் போட்டதும் சர்வரோடு பேசவே மறுத்தது. பாஸ்வேர்டை மாற்றினார்கள், மோடத்தை மாற்றினார்கள். நான் போய்த் திரையின் வலது கீழ் மூலையைப் பார்த்தேன், ஆண்டு 2012 என்று காட்டியது. மதர்போர்டில் இருக்கும் நாணயம் போன்ற சிஆர்2032 பேட்டரி செத்துப் போயிருந்தது. மின்சாரம் போனால் கடிகாரத்தைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். கடிகாரம் 2012 என்று சொன்னால், சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழ் 'இன்னும் நடைமுறைக்கே வரவில்லை' என்று கம்ப்யூட்டருக்குத் தோன்றும். இணைப்பை அது மறுத்தது சரிதான். பக்கத்து வாட்ச் கடையிலேயே பேட்டரி கிடைத்தது.

கடிகாரத்தில் இன்னொரு வகைக் குழப்பம் உண்டு. சர்வர்கள் பெரும்பாலும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுகின்றன, நாம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். இரவு ஷிஃப்ட் ஓடும் ஆலையில் நள்ளிரவு 12 முதல் காலை 5.30 வரை போட்ட சீட்டுகள் முந்தைய நாள் தேதியில் விழும். எந்தச் சீட்டும் தொலையாது, ஆனால் தினசரி மொத்தம் ஒரு நாளும் ஒத்துப்போகாது. கணக்குப் பிள்ளைக்கும் எடைமேடைக்காரருக்கும் சண்டை வரும். இருவர் சொல்வதும் சரியாக இருக்கும்.

இனி மறுபடி அழுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். மறுமுயற்சியே கூடாது என்று நான் சொல்லவில்லை. எந்தப் பிழைக்கு மறுமுயற்சி, எதற்கு இல்லை என்று பிரிக்க வேண்டும். சர்வர் பதிலாகத் தரும் எண் 503 என்றால் இப்போது முடியவில்லை, 429 என்றால் நீ ரொம்ப வேகமாகக் கேட்கிறாய். இரண்டுக்கும் காத்திருந்து கேட்கலாம். 400 என்றால் நீ அனுப்பியதே தப்பு, 401 என்றால் உன்னை யாரென்று தெரியவில்லை. இவற்றை ஆயிரம் தடவை அனுப்பினாலும் அதே பதில்தான். 401-க்கு விடாமல் முயன்று கணக்கையே பூட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பதிலே வராவிட்டால் மட்டும் அனுப்பும் முன் விசாரிக்க வேண்டும்: இந்த எண்ணில் ஏற்கனவே ஒன்று இருக்கிறதா?

காத்திருப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. மின்தடை நீங்கி மின்சாரம் வந்ததும் ஊரில் எல்லாக் கிணற்று மோட்டாரும் ஒரே நொடியில் ஓடினால் என்ன ஆகும்? வோல்டேஜ் விழும், டிரான்ஸ்ஃபார்மரில் ஃபியூஸ் போகும், மறுபடி இருட்டு. சர்வர் எழுந்ததும் காத்திருந்த மென்பொருள்கள் எல்லாம் ஒரே நேரத்தில் மோதினாலும் அதே கதிதான். அதனால் இரண்டு விநாடி, நான்கு, எட்டு, பதினாறு என்று இடைவெளியைப் பெருக்கிக்கொண்டு போக வேண்டும். ஒவ்வொரு மென்பொருளும் அந்த இடைவெளியில் கொஞ்சம் முன்பின்னாக விலகிக் கேட்க வேண்டும். ஐந்தாறு தடவைக்குப் பிறகும் முடியாவிட்டால் அந்தச் சீட்டைத் தனி வரிசையில் ஒதுக்கி வைத்துவிட்டு மனிதரைக் கூப்பிட வேண்டும். அந்த ஒன்றுக்காகப் பின்னால் நிற்கும் நாற்பது சீட்டையும் நிறுத்தி வைக்கக் கூடாது.

மனிதரைக் கூப்பிடுவது என்று சொல்வது எளிது, யாரைக் கூப்பிடுவது? நான் பார்த்த பல இடங்களில் பிழைச் செய்தி போகும் மின்னஞ்சல் முகவரி, வேலையை விட்டுப் போனவருடையது. 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவில் நைட் கேபிடல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம் 45 நிமிடத்தில் 46 கோடி டாலருக்கு மேல் இழந்தது. எட்டு சர்வர்களில் ஒன்றில் மட்டும் புதிய நிரல் ஏறவில்லை, அங்கே பழைய நிரல் உயிர்பெற்று ஆர்டர்களை அள்ளி வீசியது. சந்தை திறப்பதற்கு முன்பே அந்த அமைப்பு 97 மின்னஞ்சல்களை ஊழியர்களுக்கு அனுப்பி இருந்தது. அவை அபாய அறிவிப்பு என்ற பெயரில் வரவில்லை, யாரும் கவனிக்கவில்லை. மென்பொருள் வாய் திறந்து சொல்லியும் கேட்கும் காது இல்லாமல் போனது. பிழைச் செய்தி அதைச் சரிசெய்யக் கூடியவரின் போனுக்குப் போக வேண்டும். எந்த டோக்கன், எந்த மடை, என்ன பதில் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். நாளைக்கு ஐம்பது செய்தி வந்தால் ஐம்பதையும் ஒதுக்கப் பழகிவிடுவோம், அதனால் எண்ணிக்கையும் கொஞ்சமாக இருக்க வேண்டும்.

மௌனமாகத் தொலைவதற்கு எந்த அலாரமும் உதவாது. அதற்கு நான் நம்புவது பழைய வழியைத்தான், எண்ணுவது. மாலையில் கேட்டில் கொடுத்த டோக்கன் எத்தனை, எடைச் சீட்டு எத்தனை, கொள்முதல் பதிவு எத்தனை, வங்கி ஃபைலில் வரி எத்தனை? கேட்டில் 143, கொள்முதலில் 141 என்றால் இரண்டு விவசாயிகளின் மாங்காய் எங்கோ நிற்கிறது. எடையையும் அப்படியே கூட்டிப் பார்க்க வேண்டும், எண்ணிக்கை சரியாக இருந்து கிலோ டன்னாக மாறியிருந்தால் அதில்தான் தெரியும். பத்து நிமிட வேலை. இங்கிலாந்தில் அனுப்பிய வரியையும் ஏறிய வரியையும் ஒப்பிட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். கணக்குப் பிள்ளைகள் காலங்காலமாகச் செய்த வேலை இது. கம்ப்யூட்டர் வந்ததும் முதலில் கைவிட்டது இதைத்தான் என்பது எனக்கு இன்னும் வருத்தம்.

அந்தக் காவேரிப்பட்டணம் ஆலையில் அந்த இரவுக்குப் பிறகு மூன்று மாற்றம் செய்தோம். அழுத்தும் முன்பே பில் எண் முடிவாகிவிடும், எத்தனை தடவை அழுத்தினாலும் மாறாது. பதில் வராவிட்டால் 'தோல்வி' என்று காட்டாமல் 'தெரியவில்லை, போர்ட்டலில் பார்க்கவும்' என்று காட்டும். பில்லிங் மேசையில் ஒரு நோட்டு, எந்த எண்ணை எப்போது அழுத்தினோம் என்று பேனாவால் எழுத.

ஜூலையில் மறுபடி ஒரு இரவு போன். அதே பெண், பின்னால் லாரி இன்ஜின் சத்தம்.

"ணா, பதில் வரல, தெரியவில்லைன்னு காட்டுச்சு. போர்ட்டல்ல போய்ப் பாத்தேன், பில் ஏறியிருந்துச்சு. பிரின்ட் எடுத்துக் குடுத்து வண்டிய அனுப்பிட்டேன். சும்மா சொல்லலாம்னு கூப்பிட்டேன்."